முதுகு காட்டி உட்காருகிறவர்

போரில் முதுகு காட்டினால் கேவலம், விலங்குக் காப்பகத்தில் முதுகு காட்டினால் சம்பளம். தூங்குமூஞ்சியாரின் உத்தியோகத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவர் மனைவி இப்படித்தான் விளக்கம் சொல்வாள். கேலிதான், ஆனால் பொய் கிடையாது.

இருபத்திரண்டு வருடங்களாக அவர் அங்கே பராமரிப்பாளர். கூண்டு கழுவுவது, கிண்ணம் தேய்ப்பது, மாத்திரையைச் சோற்றுக்குள் ஒளித்துவைப்பது, காதைத் திருப்பிப் பூச்சி பார்ப்பது எல்லாம் கை பழகிய எவரும் செய்துவிடுகிற வேலைகள். அவருக்கென்றே தனியாக ஒரு வேலை இருந்தது. யாரையும் கிட்டே அண்டவிடாத பிராணி ஒன்று வந்து சேர்ந்துவிட்டால், அதன் கூண்டுக்குள் ஒரு முக்காலியைப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேச மாட்டார். திரும்ப மாட்டார். கையை நீட்டவே மாட்டார். தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம். பயந்துபோன பிராணிக்கு மனித முகத்தைவிடப் பயங்கரமான வஸ்து உலகத்தில் இல்லை. இரண்டு கண்ணும் நேராகத் தன்னையே பார்க்கிறதென்றால் அடுத்தது பாய்ச்சல்தான் என்பது அதன் கணக்கு. முதுகுக்குக் கண் இல்லை, பல் இல்லை. முதுகோடு யாருக்கும் விரோதம் வருவதில்லை.

அப்படி அசையாமல் உட்கார்ந்திருந்தால் கண் சொக்கத்தானே செய்யும்? அவருக்கு நன்றாகவே சொக்கும். முதல் வருடமே அலுவலகத்து அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வைத்த பேர்தான் தூங்குமூஞ்சி. வயது ஏற ஏற மரியாதையும் ஏறி 'தூங்குமூஞ்சி அண்ணன்' ஆனார். நாம் இன்னும் கொஞ்சம் கூட்டி தூங்குமூஞ்சியார் என்றே வைத்துக்கொள்வோம். கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

டாக்டரம்மா மட்டும் கேலி செய்ய மாட்டார். தினமும் காலையில் காப்பகத்துக்கு வந்து வைத்தியம் பார்த்துவிட்டுப் போகிற கால்நடை மருத்துவர் அவர். பக்கத்தில் ஒருவன் நிம்மதியாகத் தூங்கினால்தான் பயந்த பிராணி தானும் கண்ணை மூடும், இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியம் என்று நிர்வாகத்திடம் வாதாடி, அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய வேலை அட்டவணையிலேயே ஏற்றிவைத்தவர்.

காப்பகம் ஒரு பழைய கிடங்கைத் தடுத்துக் கட்டியது. கூரையில் அங்கங்கே கண்ணாடி பதித்திருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, தரை கழுவி, பினாயில் வாசனை மெல்ல இறங்குகிற நேரத்தில் அந்தக் கண்ணாடிகள் வழியாக வெயில் சதுரம் சதுரமாக விழும். ஈரச் சிமெண்டு திட்டுத் திட்டாகக் காயும். அதுவரை ஊரைக் கூட்டிக் குரைத்த நாற்பது நாய்களும் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டுப் படுக்கும். பூனை அறையில் எதுவோ ஒன்று கனவில் கால் உதைக்கும். வெயில் சதுரம் தூங்குமூஞ்சியாரின் பூட்ஸ் நுனியைத் தொட்டு, முழங்காலில் ஏறி, மடியில் வந்து உட்காருகிறபோது அவருக்கு விழிப்பும் தூக்கமும் ஒன்றாகிவிடும்.

அந்த அரைத் தூக்கத்தில் வருகிற கனவுகளில் சத்தமே இருக்காது. எல்லாக் கூண்டுகளும் தாமாகத் திறந்துகொள்ளும். இருபத்திரண்டு வருடத்தில் வந்துபோன பிராணிகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டி நடந்து போகும். காது கிழிந்த சாம்பல் பூனை போகும். மூன்று காலுள்ள கறுப்பு நாய், நான்காவது காலைப் பற்றி எந்த வருத்தமும் இல்லாமல் போகும். ஒரே ஒரு வாரம் தங்கியிருந்த குருட்டுக் கழுதைகூடப் போகும். யாருக்கும் அவசரம் இல்லை. கடைசியில், வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக, ஒவ்வொன்றின் வயிற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே அவருடைய மகள் வருவாள்.

இந்தக் கடைசிப் பகுதி வெறும் கனவல்ல. அவருக்கு ஒரே மகள். வேறொரு ஊரில் விடுதியில் தங்கிக் கால்நடை மருத்துவம் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா ஓய்வு பெறுகிறபோது இந்தக் காப்பகத்துக்கு அவளே டாக்டராக வருவாள் என்பதை அலுவலகத்து அம்மாவிடமும் கூர்க்காவிடமும் சோற்று வண்டிக்காரரிடமும் சொல்லி முடித்து, கேட்க ஆள் இல்லாமல் போய், நாய்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மகள்தான் பன்னிரண்டு நாளாக வீட்டில் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், விடுமுறையும் இல்லாமல் தகவலும் இல்லாமல் ஒரு பையோடு வந்து நின்றாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா முப்பது கேள்வி கேட்டிருப்பாள். அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறவள். மிஷின் ஓடாத நேரத்தில் வாய் ஓடும். ஏன் இப்படி இளைத்துவிட்டாய், பரீட்சை என்ன ஆயிற்று, ரிசல்ட் வந்ததா, யாராவது ஏதாவது சொன்னார்களா, உடம்புக்கு என்ன என்று அடுக்கினாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து வந்த வார்த்தைகள் மூன்றுதான்: 'ம்', 'வேண்டாம்', 'அப்புறம்'.

தூங்குமூஞ்சியார் அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, பாதி சாப்பிட்டு வெளியே வைத்த தட்டைப் பார்த்தார். கதவு இடுக்கில் தெரிந்த ஒடுங்கிய தோளைப் பார்த்தார். அவருக்குத் தெரியாததா? நேராக மனைவியிடம் போய்ச் சொன்னார்.

"கேள்வி கேக்காதே. உத்துப் பாக்காதே. தட்டை வெச்சுட்டு வந்துடு. அவளா வெளிய வருவா."

"எனக்கு மனசு அடிச்சுக்குதுங்க. பெத்த பொண்ணை என்னன்னு கேக்காம எப்படி இருக்கறது?"

"என்கிட்ட விட்டுடு. இருபத்திரண்டு வருஷமா நான் வேற என்ன பண்றேன்?"

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டிருக்கவே வேண்டாம்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தார். சாயங்காலம் வந்ததும் நடையில், மகளின் கதவுக்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கையில் செய்தித்தாள். குளியலறைக்குப் போக அவள் வெளியே வந்தால் தலையைத் தூக்க மாட்டார். தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து, பார்க்காமலே வந்துவிடுவார். காப்பகத்தில் ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கும். அன்றன்றைக்குப் பிராணி எப்படி இருந்தது என்று பராமரிப்பாளர் அதில் எழுத வேண்டும். மகளுக்கும் மனசுக்குள்ளேயே ஓர் அட்டை எழுதிக்கொண்டார். ஆகாரம், பாதி. தூக்கம், குறைவு. கதவு, ஒரு சாண் திறப்பு.

மகள் வந்த அன்றைக்கே காப்பகத்துக்கும் ஒரு வரவு. பூட்டிய வீட்டுக்குள் வீட்டுக்காரர்கள் விட்டுப் போன செம்பழுப்புப் பெட்டை நாய் அது. பக்கத்து வீட்டார் சத்தம் கேட்டுச் சொல்லி, பூட்டை உடைத்துக் கொண்டுவந்தார்கள். கூண்டு எண் நாற்பத்தேழு. முதல் நாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஆள் நிழல் விழுந்தாலே நின்ற இடத்தில் மூத்திரம் விட்டது. தொட முடிகிறவரை ஊசி போட முடியாது, வளர்க்கக் கேட்டு வருகிறவர்களுக்குக் காட்டவும் முடியாது என்றார் டாக்டரம்மா. தூங்குமூஞ்சியார் முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆக மத்தியானம் ஒரு முதுகு, சாயங்காலம் ஒரு முதுகு. மூன்றாம் நாள் நாற்பத்தேழின் மூச்சு நிதானப்பட்டது. ஆறாம் நாள் அவருக்குப் பின்னால் நகம் சிமெண்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. வீட்டில் அதே ஆறாம் நாள்தான் கதவு ஒரு சாண் திறந்தது. எட்டாம் நாள் அவருடைய பூட்ஸின் குதிகாலை எதுவோ முகர்ந்துவிட்டு ஓடியது. வீட்டில் அன்றைக்குத் தட்டு காலியாக வெளியே வந்தது. அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி வர்றாங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் அவளே மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பொண்ணு நேற்றுக் கதவிடுக்கில் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம் நின்றாள், எனக்கென்னவோ இது சரியாகப் படவில்லை என்றாள். அவர் முகம் மலர்ந்துபோனது. கதவிடுக்கிலிருந்து பார்ப்பது எவ்வளவு நல்ல அறிகுறி என்று அரை மணி நேரம் விளக்கினார். இந்த நேரத்தில் அவசரப்பட்டுத் திரும்பிவிட்டால் இத்தனை நாள் உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராகிவிடும் என்றார். மனைவி ஊசியில் நூல் கோக்கத் திரும்பிவிட்டாள். தனக்குத் தெரியாத தொழிலில் தலையிடுவானேன் என்று நினைத்திருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. மத்தியானம் அவர் நாற்பத்தேழின் கூண்டில் உட்கார்ந்திருந்தார். வெயில் சதுரம் மடிக்கு வந்துவிட்டது. கண் சொக்கிக் கனவின் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. சாம்பல் பூனை போயிற்று. கறுப்பு நாய் போயிற்று. கழுதை நின்று எதையோ யோசித்தது. அப்போது பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஒரு காற்று பட்டது. அடுத்து ஈரமாக ஒரு மூக்கு. அடுத்து, தோளில் மெதுவாக ஒரு பாரம் இறங்கியது. நாற்பத்தேழு தன் தாடையை அவர் தோளில் வைத்திருந்தது. கனவா நனவா என்று பார்க்கக்கூட அவர் அசையவில்லை. அதன் மூச்சு உள்ளே போகிறபோது அவருடைய மூச்சும் போயிற்று. கூரையில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பாரம் அப்படியே கனத்துக்கொண்டே வந்து, கடைசியில் நாய் நின்றபடியே தூங்கிவிட்டது. தூங்குமூஞ்சியாரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து சட்டையில் விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அவருக்கு அது பழகவே இல்லை.

அலுவலகத்து அம்மாவிடம் சொல்லிவிட்டு அன்று சீக்கிரமே கிளம்பினார். தெரு முழுவதும் அவருக்கு அன்று பஞ்சால் ஆனதுபோல் இருந்தது. சைக்கிள் மணி எங்கேயோ தூரத்தில் அடித்தது, பார்த்தால் அவருக்குப் பின்னாலேயே நின்று ஒருவன் திட்டிக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். அங்கே வந்துவிட்டது என்றால் இங்கேயும் இன்றைக்குத்தான். அவருக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டில் முன்னறையில் மனைவி மிஷினில் இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு நடைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். செய்தித்தாளை விரித்தார். மிஷின் சத்தம் கடகடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. பின்பக்க ஜன்னலில் உலர்ந்த துணி ஒன்று ஆடி, அதன் நிழல் நடையில் போய்ப் போய் வந்தது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. தாடை மார்பில் இறங்கியது.

கதவு திறந்தது. அந்தச் சத்தம் அவருக்கு வெகு தூரத்திலிருந்து கேட்டது. வெறுங்கால் நடந்து வந்தது. ஒரு அடி, இன்னொரு அடி, இன்னொன்று. அவருக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது. மூச்சு விடுவது கேட்டது.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

அவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை தானாக வருகிற உயிரை நோக்கித் திரும்பக் கூடாது என்பது அவருக்குப் பாடமாகத் தெரிந்த விஷயமில்லை, முதுகெலும்பிலேயே ஊறிப்போன விஷயம். உள்ளுக்குள் சந்தோஷம் குபுகுபுவென்று பொங்கியது. வந்துவிட்டாள், பேசிவிட்டாள், இன்னும் கொஞ்சம், அசையாதே, அசையாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் குரல் கனவில் வந்ததோ என்றுகூட ஒரு நினைப்பு. தோளில் ஒரு கை வந்து விழும் என்று காத்திருந்தார்.

கை விழவில்லை. வெறுங்கால்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயின. கதவு சாத்திக்கொண்டது. முறைப்படி இன்னும் ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் எழுந்து முன்னறைக்கு ஓடினார். வந்துவிட்டாள், தானாகவே வந்தாள், கூப்பிடக்கூடச் செய்தாள் என்றார். மனைவி மிஷினை நிறுத்தினாள்.

"கூப்பிட்டாளா? நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஏன் சொல்றேன்? திரும்பவே இல்லையே. முதல் தடவை திரும்பக் கூடாது."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் கத்துகிறவள், அன்றைக்குக் கத்தவில்லை.

"அவ பையைக் கட்டி வெச்சுட்டா. ஆறு மணி பஸ். மத்தியானமே கொடியிலேருந்து தன் துணியெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டா. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க விரலை வெச்சுக் காட்டறீங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"துணி எடுக்க வந்தப்ப, அப்பா என் மூஞ்சியில இனிமே முழிக்கவே மாட்டாராம்மான்னு கேட்டா. அவருக்குக் கோவம் ஒண்ணும் இல்லடின்னேன். நம்புவாளா? பன்னெண்டு நாளா முகம் கொடுத்து ஒரு வார்த்தை இல்ல. வந்தா முதுகு, போனா முதுகு. உனக்கு வைத்தியம் நடக்குதுடின்னு நான் சொல்ல முடியுமா? மனுஷ ஜென்மத்துக்கு அது எப்படிங்க இருக்கும்? அவ என்ன நாயா?"

தூங்குமூஞ்சியார் நின்ற இடத்திலேயே நின்றார். இருபத்திரண்டு வருடத் தூக்கமும் ஒரே நொடியில் கலைந்தது. முதுகோடு யாருக்கும் விரோதம் வராது என்று நம்பியிருந்தவர் அவர். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தேகால்.

மகளின் கதவைத் தட்டினார். பதில் வருவதற்குள் திறந்துவிட்டார். அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கட்டிலில் ஜிப் போட்ட பை. அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். அது அவருக்கு அவ்வளவு சுலபமில்லை. பழக்க தோஷத்தில் கண் தரைக்கும் சுவருக்கும் ஓடியது. பிடித்து இழுத்துக் கொண்டுவந்து அவள் முகத்தில் நிறுத்தினார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் தன் கால்விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பதுண்டு. மகள் அழுதிருந்தாள் என்பது தெரிந்தது. பிறகு அவள் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சின்னச் சின்னதாகத் தீப்பட்ட தழும்புகள். சில பழையவை, கறுத்துவிட்டன. இரண்டு இன்னும் ஆறவில்லை.

காப்பகத்துக்கு எந்தப் பிராணி வந்தாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொட முடியாவிட்டாலும் காதிலிருந்து வால் வரை கண்ணாலேயே சோதித்து, காயம் இருந்தால் அட்டையில் எழுதிவிடுவார். இவள் வந்து பன்னிரண்டு நாள்.

"இது என்னம்மா?"

"அடுப்பு." கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "பேக்கரி அடுப்பு. அங்கதான் வேலை பாக்கறேன். எட்டு மாசமா."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன்பே படிப்பை விட்டுவிட்டாள். போனில் அவர் ஒவ்வொரு தடவையும் டாக்டர் டாக்டர் என்று பேசுகிறபோது சொல்ல வாய் வரவில்லை. இனிமேல் பொய் சொல்ல முடியாது என்று பன்னிரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லிவிடத்தான் வந்தாள். வந்த அன்றைக்கே அம்மா பரீட்சையைக் கேட்டாள். மறுநாள் அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"காலேஜ்லேருந்து லெட்டர் வந்து உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அதனாலதான் பாக்கக்கூட மாட்டேங்கறீங்கன்னு. இன்னைக்குக் கடைசியா ஒரு தடவை சொல்லிடலாம்னு வந்து கூப்பிட்டேன்."

லெட்டர் எதுவும் வரவில்லை என்று அவர் தலையை ஆட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கனவின் கடைசியில் வருகிறவள் அந்த நிமிடமே போய்விட்டாள். வலித்தது. இல்லை என்று சொல்வானேன். வருடக் கணக்காகப் பார்த்து வைத்திருந்த கனவு அல்லவா. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்த வலியை வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"ஏம்மா? பாடம் கஷ்டமா?"

"இல்லப்பா." அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு நாய்னா பயம்."

"பயமா?"

"எப்பவுமே. சின்ன வயசுலேருந்து."

அவர் யோசித்தார். "பூனை?"

"பூனையும்தான்."

"கன்னுக்குட்டி?"

"அப்பா" என்றாள் அவள்.

அவளுக்கு ஐந்து வயதில் தாயில்லாத குட்டிகளைக் காப்பகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவார். ராத்திரியெல்லாம் பால் ஊட்ட வேண்டும். வந்ததும் ஒன்றை எடுத்து மகள் மடியில் வைப்பார். அவள் அசையவே மாட்டாள். கை இரண்டையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன பொறுமையான குழந்தை, என் பெண்ணுக்கு இது பிறவி குணம் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னார். விறைத்த உடம்பு, மூடிய வாய், விலகிய பார்வை. ஒரு நாய்க்குட்டி அப்படி உட்கார்ந்திருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, எல்லாரும் வெளியே போங்கள், இது பயந்து செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருப்பார். அந்தக் குட்டியின் கண் திறந்ததா, வயிறு நிறைந்ததா என்று குனிந்து குனிந்து பார்த்தவர், தலையைக் கொஞ்சம் தூக்கி மடிக்குச் சொந்தக்காரியைப் பார்க்கவில்லை.

"நான் பாக்கவே இல்லையேம்மா" என்றார்.

அவள் பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள் இப்படிக் கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பது பயமாக இருக்கிறது என்றாள். அவர் அவசரமாக நாலு தடவை சிமிட்டினார். பேக்கரியைப் பற்றிச் சொல்லு என்றார்.

சொன்னாள். முதலில் இரண்டு வார்த்தை, அப்புறம் நாலு. விடிவதற்கு முன்னால் மாவு பொங்கி நிற்குமாம்; விரலால் அழுத்தினால் மெல்ல எழும்ப வேண்டும், சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும் என்று அர்த்தமாம். மாவைப் பார்த்தால் பயமாகவே இருக்காது, அது கடிக்காது என்றாள். முதலாளியம்மா தன்னை அடுப்புப் பக்கம் விட்டுவிட்டாள், அது சும்மா யாருக்கும் கிடைக்காது என்று சொல்கிறபோது அவள் முதுகு நிமிர்ந்தது. அம்மா எப்போது வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள் என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஆறு மணி பஸ் ஆறு மணிக்குப் போயிற்று. மறுநாள் காலையில் ஒரு பஸ் இருக்கிறது, திங்கட்கிழமை அடுப்புக்கு அது போதும் என்று அவளே சொன்னாள்.

முதல் நாள் பன்னைக் கருக்கிக் கடைவாசலில் புகை மூட்டம் போட்ட கதையைச் சொல்லி அவள் சிரித்தபோது அவர் அதைக் கவனித்தார். மேல்வரிசை முன்பல் ஒன்றின் நுனி உடைந்திருந்தது. பழைய உடைசல், ஓரம் தேய்ந்து மழுங்கிவிட்டது. பல்லைப் பார்த்தே பிராணியின் வயதைச் சொல்கிறவர் அவர்.

"பல்லு எப்பம்மா உடைஞ்சுது?"

அவள் உதட்டால் பல்லை மூடிக்கொண்டாள். "ஏழாவது படிக்கறப்ப. ஸ்கூல்லேருந்து வரும்போது தெருவுல நாய் தொரத்துச்சு. ஓடி விழுந்துட்டேன்."

"மாடிப்படியில விழுந்தேன்னுதானேடி என்கிட்ட சொன்னே" என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து.

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லலை?" என்று கேட்டார் அவர்.

மகள் அவரை நேராகப் பார்த்தாள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

"நாய் மேல தப்பு இருக்காது, நீ ஓடியிருக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பார். கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். ஓடுகிறதைத் துரத்துவது அதன் இயல்பு, நின்றிருந்தால் போயிருக்கும் என்று ஒரு மணி நேரம் விளக்கியிருப்பார். இப்போதும் அதெல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது. அத்தனையையும் விழுங்கினார்.

"தப்பு நாய் மேலதாம்மா" என்றார்.